ஹாரன் கழற்றிய நாள்

மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு ஒரே ஒரு வேன்தான் உண்டு. அதை ஓட்டிவந்தவர் பொன்னுரங்கம் என்ற அடியவர். லாரி, பேருந்து என்று பாதி ஆயுளைச் சாலையிலேயே கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு மடத்துத் தலைவி தாயம்மையிடம் தீட்சை பெற்றவர். தாயம்மை அவரைவிட இளையவர். ஆயினும் அவர்முன் பொன்னுரங்கம் உட்கார்ந்து பேசியதே இல்லை.

மலைக்கிராமத்துப் பிள்ளைகளைக் காலையில் அடிவாரப் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பதும், மாலையில் ஏற்றி வருவதும் அவருடைய பணி. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டுவார். அந்தச் சத்தம் கேட்டவுடன் உலை வைத்தால் வேன் வாசலுக்கு வருவதற்குள் சோறு வெந்துவிடும் என்று சமையற்காரர் சடையாண்டி கேலி பேசுவதுண்டு. பொன்னுரங்கம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில், வளைவொன்றில் வேன் ஒரு சைக்கிளை உரசியது. பால்காரர் மாதப்பன் கேன்களோடு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தார். கால் முறிந்தது. பொன்னுரங்கமே அவரைத் தூக்கி வேனில் கிடத்தி, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஒரு பிள்ளையும் வேனுக்கு வரவில்லை. பெற்றோர் சிலர் மட்டும் வந்தார்கள். சாவியை வேறு கைக்கு மாற்றினாலன்றிப் பிள்ளைகளை அனுப்புவதற்கில்லை என்றார்கள். தாயம்மை முழுவதையும் கேட்டார். மாலையில் பதில் சொல்வதாகக் கூறி அனுப்பினார்.

அவர்கள் போனபின் பொன்னுரங்கம் வந்து நின்றார். சாவி அவர் உள்ளங்கைக்குள் இறுகியிருந்தது.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"வளைவில் ஹாரன் அடித்தேன். நீளமாகவே அடித்தேன். மாதப்பன் விலகவில்லை. பிழை யாருடையது?"

தாயம்மை சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். மாதப்பனுக்கு ஒரு தூக்குவாளியில் ரசஞ்சோறு கட்டித்தருமாறு சடையாண்டியிடம் சொன்னார். வாளியை வாங்கிக்கொண்டு வேனருகே வந்தார்.

"ஹாரன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். நாம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பொன்னுரங்கம் திகைத்தார். "ஹாரன் இல்லாமல் இந்த மலையில் இறங்குவது சாவைத் தேடிப் போவதுபோல அம்மா."

"அப்படி ஆகாமல் ஓட்டுங்கள். நானும் பக்கத்தில்தானே இருக்கப்போகிறேன்."

பொன்னுரங்கம் பானெட்டைத் திறந்து ஒயரைக் கழற்றினார். தாயம்மை முன்னிருக்கையில் அமர்ந்து பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். வேன் வாங்கிய நாளிலிருந்து முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த தம் பெல்ட்டைப் பொன்னுரங்கம் இழுத்துத் தூசி தட்டிப் பூட்டினார்.

முதல் வளைவு வந்தது. பழக்கத்தால் கை ஹாரனுக்குப் போயிற்று. அழுத்தினார். ஓசையில்லை. கால் தானாகவே பிரேக்குக்குச் சென்றது.

அடுத்த வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தார். அதற்கடுத்ததில் வேனில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரே ஏதேனும் உறுமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார். பாரம் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி ஏறிவருவது கேட்டது. இடது ஓரம் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டார். லாரிக்காரர் தெரிந்தவர்தான். எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா? சத்தத்தையே காணோம்."

பொன்னுரங்கத்தின் முகம் சிவந்தது. தாயம்மை மறுபுறம் இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதப்பன் விழுந்த வளைவில் நசுங்கிய கேன் ஒன்று இன்னும் கிடந்தது. யாரும் சொல்லாமலேயே பொன்னுரங்கம் இறங்கிப்போய் அதை எடுத்துவந்தார். மேல்துண்டால் மண்ணைத் துடைத்துப் பின்னிருக்கையில் வைத்தார்.

அதற்கும் கீழே, பாறை மறைத்த ஒரு வளைவு. நடக்கும் வேகத்தில் திரும்பிய வேன் திடீரென்று நின்றது. சாலையில் பாதியை மறைத்துக் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தது. இவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தபடி, ஒரு பெண் கதிரைக் கிளறிக்கொண்டிருந்தாள். வண்டி வந்ததை அவள் அறியவில்லை.

பொன்னுரங்கம் ஊமை ஹாரனை எரிச்சலோடு ஓங்கி அழுத்தினார்.

"வேண்டுமானால் ஒயரை மாட்டி அடியுங்கள்" என்றார் தாயம்மை.

இறங்கிப்போய் மாட்டினார். திரும்ப ஏறி அடித்தார். மலையே அதிர்ந்தது. பாறை மேலிருந்த குரங்குகள் சிதறி ஓடின.

அந்தப் பெண் திரும்பவில்லை. கதிரைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு முறை அடிக்கப் போன கை பாதியில் நின்றது. பொன்னுரங்கம் இறங்கி, ஓரமாகச் சுற்றிச்சென்று அவள் எதிரில் நின்றார். அவள் துணுக்குற்று நிமிர்ந்தாள். வேனைப் பார்த்தாள். காதைத் தொட்டுக் காட்டி இல்லையென்று கையை விரித்து, வெட்கத்தோடு சிரித்தாள். இருவருமாகக் கதிரைச் சாலையை விட்டுத் தள்ளி, பாறையடியில் பரப்பினார்கள்.

திரும்பி வந்தவர் வேனைக் கிளப்பவில்லை. முதலில், வேன் நின்ற இடத்துக்கும் அவள் குனிந்திருந்த இடத்துக்கும் இடையே இருந்த தார்ச்சாலையைப் பார்த்தார். ஓர் ஆள் படுக்கும் நீளங்கூட இல்லை. பிறகு சாவியை உருவி, இரு கைகளாலும் ஏந்தித் தாயம்மையிடம் நீட்டினார்.

தாயம்மை அதை வாங்கவில்லை.

பொன்னுரங்கம் கேட்டார். "அம்மா, இந்த வளைவில் இவள் இருப்பாள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால்தானே நின்றீர்கள்?" என்ற தாயம்மை, மடியிலிருந்த தூக்குவாளியைத் தொட்டுப் பார்த்தார். "வண்டியை எடுங்கள். மாதப்பன் பசியோடு இருப்பார்."