நிலாவுக்குப் போக ஒரு பீரங்கி

மேலப்பொய்கை ஜமீன்தாருக்கு மதராசிலிருந்து ஒரு கதைப் புத்தகம் வந்தது. அதில் சில பேர் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்தபடியே நிலாவுக்குப் போய்விட்டார்கள். ஜமீன்தார் சும்மா இருப்பாரா? பனைமர நீளத்துக்கு ஒரு பீரங்கியும், ஆள் நுழையும்படி ஒரு குண்டும் வார்க்கச் சொல்லிவிட்டார்.

யாரை அனுப்பலாம் என்று பார்த்தால், குண்டுக்குள் அடங்குகிற ஒல்லி உடம்பு சமையற்காரன் சங்கிலிக்குத்தான் இருந்தது.

"ஏறுடா. மாட்டேன்னா தலை இருக்காது. உள்ளே பட்டு மெத்தை போட்டிருக்கு. ஒரு குலுங்கலும் தெரியாது."

சங்கிலி கும்பிட்டான். "ஏறிக்கிறேன் மகாராஜா. ஆனா நிலா நமக்கெல்லாம் மாமா முறை. மாமன் வீட்டுக்கு வெறுங்கையோட போனா உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்? கொலுமண்டபத்து பெல்ஜியம் கண்ணாடியைக் கொடுங்க, சீராக் கொண்டுபோறேன்."

ஜமீன்தார் தினமும் மீசை முறுக்குகிற கண்ணாடி அது. துள்ளி எழுந்தார். "முட்டாளே! பீரங்கி வெடிக்கிற வேகத்துல அது தூள் தூளாயிடுமேடா!"

"மெத்தை மேல வெச்சாலுமா?"

"மெத்தையாவது மண்ணாவது!"

சங்கிலி தன் விலா எலும்பைத் தடவிக் காட்டினான். "அப்போ இது மட்டும் தாங்குமா மகாராஜா?"

சபையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். ஜமீன்தார் முகம் சிவந்தது. "பின்னே புத்தகத்துல போனவங்க எப்படிடா பிழைச்சாங்க?"

"அவங்க காகிதத்துல போனாங்க மகாராஜா. காகிதத்துலன்னா, உலை கொதிக்கிறதுக்குள்ள நானும் போயிட்டு வந்துடுவேன்."

ஜமீன்தாரே சிரித்துவிட்டார்.

குண்டு சமையற்கட்டுக்கு வந்தது. விருந்து என்றால் அதில்தான் பாயசம். பட்டு மெத்தையில் சங்கிலி தூங்குகிறான். ஒரு குலுங்கலும் தெரிவதில்லையாம்.