ஒற்றை அங்கவடி

குதிரைகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கரடிமலைக் கோட்டை லாயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சேணத்தை முதுகில் வைத்து, வயிற்றுக்கடியில் வாரை இழுப்பார்கள். குதிரை "போதும்" என்றதும் நிறுத்திவிடுவார்கள்.

ஒருமுறை பகைவர்கள் கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. உதவி கேட்க, செவலி என்ற பெண்குதிரையில் சடையன் என்ற வீரன் போவதென்று முடிவாயிற்று. விடியற்காலைப் பனிமூட்டத்தில் பின்புறச் சரிவில் இறங்க வேண்டும். கீழே காவல் இருந்ததால், சேணம் கட்டும்போதிலிருந்தே குதிரை ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று கோட்டைத் தலைவர் உத்தரவிட்டார். குதிரைகளுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது.

சேணம் கட்டியவர் சடையனின் அண்ணன் மாசிலாமணி. சேணம் நழுவினால் தம்பி பாறையில் விழுவான். அந்த நினைப்பிலேயே வாரை இழுத்தார். செவலி எப்போதும் "போதும்" சொல்லும் இடத்தை வார் தாண்டியது. செவலி திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கண் வாரிலேயே இருந்தது.

"அண்ணே, குதிரைக்குச் சேணம் கட்டுறியா, நெல்லு மூட்டை கட்டுறியா?" என்று சடையன் காதோரம் கேட்டான்.

"நீ முழுசா வந்து சேரணும்டா" என்று அவர் மறுபடி இழுத்தார்.

செவலிக்கு விலா வலித்தது. மூச்சே நின்றுவிடுமோ என்று பயந்து, காற்றை உள்ளிழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டது. இழுத்த வார் கொஞ்சம் பின்னால் நழுவி விறைத்து நின்றது. இனி இறுகாது என்று எண்ணி அவர் கொக்கியை மாட்டினார்.

பாதிச் சரிவில் செவலியால் மூச்சை அடக்க முடியவில்லை. விட்டதும் வார் தொளதொளத்தது. சேணம் ஒருபக்கமாகச் சரிந்தது. சடையன் பிடரிமயிரைப் பிடித்துத் தொங்கினான். அவன் கால் வைத்திருந்த இரும்பு அங்கவடி கழன்று, பாறையில் ணங்கென்று மோதி உருண்டது.

கீழே பேச்சுக்குரல்கள் நின்றன. செவலி அசையவில்லை.

"எவன் மாட்டு மணியோ" என்றது ஒரு குரல். பேச்சு மறுபடி தொடங்கியது.

சடையன் மெல்லக் கால் ஊன்றினான். சேணத்தை நிமிர்த்தினான். செவலியின் விலாவில் கைவைத்து, அது மூச்சு விடும்வரை காத்திருந்து, வாரை அளவாக இறுக்கினான். பிறகு ஒற்றை அங்கவடியோடு போனான்.

உதவி வந்தது, கோட்டை தப்பியது. ஆனால் செவலி லாயத்துக்குத் திரும்பியதும் மற்றக் குதிரைகளிடம் சொன்னது: "நாம சொல்ல முடியாத நாளும் வரும். வயித்துல கொஞ்சம் இடம் வச்சுக்கோங்க."

இன்று அந்தக் கோட்டை இடிந்து கிடக்கிறது. சரிவில் துருப்பிடித்த அங்கவடி ஒன்று கிடைத்தது. அதன் ஜோடியைக் காணோம். சேணம் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பவைப்பதும், சவாரிக்காரர் கொஞ்சதூரம் போனதும் வாரை மறுபடி தொட்டுப் பார்ப்பதும் அந்தக் காலையில் தொடங்கியவைதான்.