பச்சை விளக்கு எரிந்த நாட்கள்

ஒரு நகரத்தின் கிழக்கு ஓரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. ஊரார் கழுவி ஊற்றியதெல்லாம் அங்கே வந்து, தொட்டி தொட்டியாகத் தெளிந்து, கடைசியில் குளோரின் தொட்டிக்குள் நுழையும். அங்கே அரை மணி நேரம் குளோரினோடு கலந்து கிடந்தால்தான் கிருமி சாகும். பிறகு மதகு வழியாக வாய்க்காலுக்குப் போகும்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் அஞ்சுகம். பதினாறு வருடமாக அவளுக்குத் துணை விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று. மதகடியில் நீர் மொண்டு, குழாயில் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விடுவாள். குளோரின் இருந்தால் நீர் மஞ்சளாகும். இல்லாவிட்டால் வெளுத்தே நிற்கும்.

ஒருநாள் பழைய குளோரின் வாயு சிலிண்டர் கசிந்து, அங்கிருந்தவர்களுக்கு இரண்டு நாள் மூச்சு முட்டியது. இனி வாயு வேண்டாம், குளோரின் கரைசல் வைப்போம் என்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். திரவம் நிறைந்த பீப்பாய்கள் வந்தன. அதை அளவாகச் செலுத்த ஒரு பம்பு வந்தது. பம்பை ஆள ஒரு பேனல் வந்தது. ஆளுயர வெள்ளைப் பெட்டி. நெற்றியில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. முகம் முழுக்கத் திரை.

பேனலுக்கு ஒரு கண் உண்டு. நீருக்குள் மூழ்கி குளோரினை அளக்கும் கருவி அது. மதகடியில் வைக்க வேண்டியது. மாட்ட வந்தவர்கள் கேபிளை இழுத்துப் பார்த்தார்கள். எட்டு மீட்டர் பற்றவில்லை. திறப்பு விழாவோ மறுநாள்.

பொறியாளர் சந்தானகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டுற இடத்துல மாட்டுங்கப்பா. எல்லாம் ஒரே தண்ணிதானே" என்றார்.

தொட்டியின் மேல்கோடியில், பம்பு குளோரினைக் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணை மாட்டினார்கள்.

மறுநாள் பூமாலை போட்டு, சந்தனம் வைத்து, பேனலை முடுக்கினார்கள். கண்ணுக்கு நேரே குளோரின் கொட்டியதும் பேனல் திணறியது.

"போதும். குறை" என்று பம்புக்கு உத்தரவிட்டது.

"இப்போதுதானே தொடங்கினேன். தொட்டி பெரிது, ஐயா" என்றது பம்பு.

"அளப்பது நீயா, நானா?"

பம்பு அடங்கிப்போய் சொட்டுகளைக் குறைத்தது. திரையில் அழகான எண் ஒன்று வந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. வந்தவர்கள் கைதட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போனார்கள்.

அன்று மாலை அஞ்சுகம் குழாயைப் பார்த்தாள். வெளுத்து நின்றது. மருந்து பழசாகிவிட்டதோ என்று புதுப் புட்டியை உடைத்தாள். அப்போதும் வெளுப்புதான். குழாயைப் பேனல் முன் மேசையில் வைத்துவிட்டு யோசித்தபடி வெளியே போனாள்.

"நீ என்ன சொல்கிறாயாம்?" என்று பேனல் கேட்டது.

"மதகடியில் குளோரின் இல்லை என்கிறேன்" என்றது குழாய்.

"எத்தனை தசமம் வரைக்கும் சொல்வாய்?"

"தசமம் தெரியாது. உண்டு, இல்லை, இரண்டுதான் தெரியும்."

"நான் நொடிக்கு ஒரு தடவை அளக்கிறேன். மேலிடத்தின் கைப்பேசியிலேயே என் எண் தெரிகிறது. உன்னை யார் பார்க்கிறார்கள்?"

"அஞ்சுகம் பார்க்கிறாள்."

பேனலுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மதகைத் தாண்டும்போது தண்ணீரும் முறையிட்டது. "என்னுள் இருப்பதெல்லாம் உயிரோடு இருக்கிறது. இப்படியே என்னை அனுப்பாதீர்கள்."

"நீ சுத்தம் என்று பதிவாகிவிட்டது. பதிவான பிறகு பேசக் கூடாது" என்றது பேனல்.

நான்காம் நாள் அஞ்சுகம் பொறியாளரிடம் போனாள். "சார், மதகுல மஞ்சளே வர மாட்டேங்குது."

"பேனல் என்ன காட்டுது?"

"பச்சைதான் சார். அதோட கண்ணு மேல்கோடியில இருக்கு. நான் தண்ணி வெளிய போற எடத்துல எடுக்கிறேன்."

"ஏம்மா, இவ்வளவு பெரிய மிஷினை வெச்சுக்கிட்டு இன்னும் சொட்டு விட்டுப் பாத்தா, நம்மளப் பாத்து சிரிக்க மாட்டாங்களா?" என்றார் அவர். குழாயை வாங்கி அலமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்.

பத்து நாள் கழித்து, வாய்க்காலோரம் கீரை போடும் மாசிலாமணி நிலையத்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எம் பொண்டாட்டிய ஆஸ்பத்திரில சேத்திருக்கேன். எங்க தெருவுல பதினோரு பேருக்கு வாந்தி பேதி. எல்லாரும் வாய்க்கால்ல கீரை அலசினவங்க. உள்ள ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"மாத்தியிருக்கு" என்றாள் அஞ்சுகம். அவனைப் பொறியாளரிடம் கூட்டிப்போனாள்.

அவர் திரையைக் காட்டினார். "நீயே பாருப்பா. பச்சை."

மாசிலாமணி பார்த்தான். "விளக்கு நல்லாத்தான் இருக்கு சார். அவதான் கண்ணு குழி விழுந்து கெடக்கா."

பொறியாளருக்கு ஒரு கூட்டம் இருந்தது. கிளம்பிவிட்டார்.

அஞ்சுகம் அலமாரியைத் திறந்து குழாயை எடுத்தாள். கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு மதகின் சக்கரத்தைப் பிடித்தாள்.

"உத்தரவு இருக்கிறதா?" என்று மதகு கேட்டது.

"இல்ல."

"அப்படியானால் அழுத்தித் திருகு. கொஞ்சம் துரு பிடித்திருக்கிறேன்."

மதகு மூடியது. பீப்பாயிலிருந்து குளோரினை வாளி வாளியாகப் பிடித்து, தொட்டி நெடுக ஊற்றிக்கொண்டே போனாள். மாசிலாமணிக்கும் கவசம் மாட்டிவிட்டாள். அவன் வாளி தூக்கினான். வெளியே போக வழியில்லாத நீர் அளவு மீறி ஏறியது. பேனல் முதல் தடவையாகச் சிவந்து, ஊரே கேட்க அலறியது.

பொறியாளர் கூட்டத்தை விட்டு ஓடிவந்தார். அடுத்தடுத்து இரண்டு ஜீப்புகள் வந்தன. தொலைபேசி ஓயவில்லை. பதினோரு பேர் படுக்கையில் விழுந்தபோது வராத வண்டிகள், ஒரு சிவப்பு விளக்குக்கு வந்து சேர்ந்தன.

"யாரைக் கேட்டு மூடின?" என்றார் பொறியாளர்.

"அரை மணி ஆகட்டும் சார்" என்றாள் அஞ்சுகம்.

நேரம் ஆனதும் எல்லோர் முன்னாலும் மதகடி நீரை மொண்டு இரண்டு சொட்டு விட்டாள். குழாய் மஞ்சளானது. மதகைத் திறந்துவிட்டாள்.

ஜீப்பில் வந்த மேலதிகாரி தொட்டியைச் சுற்றி நடந்தார். "இந்தக் கண்ணை ஏன் இங்க மாட்டியிருக்கீங்க?" என்றார்.

பொறியாளர் கேபிளைப் பார்த்தார்.

"நான் எட்டு மீட்டர் குறைவு" என்றது கேபிள். "யாரிடமும் மறைக்கவில்லை. எல்லோரும்தான் இழுத்துப் பார்த்தார்கள்."

அந்த வாரமே நீளமான கேபிள் வந்தது. கண் மதகடிக்கு இடம் மாறியது. தான் இத்தனை நாள் எதை வெளியே அனுப்பினோம் என்று பேனல் பார்த்தது. "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்று பம்பிடம் சொன்னது. பம்பு கூட்டியது.

மாசிலாமணியின் மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பதாம் நாள் வீடு திரும்பினாள். அவர்கள் எதிர்வீட்டுக்காரர் திரும்பவில்லை.

மாதக் கடைசியில் அஞ்சுகத்துக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றி மதகை மூடியதற்கு மூன்று நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது.

அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: "தண்ணீர் சுத்தமாக இல்லை, அதனால் மூடினேன்."

இரண்டு நாளில் அந்தத் தாள் அவளிடமே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "காரணம் போதுமானதாக இல்லை."