பெரிய திரையில் சாரின் மார்க்

குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தைந்து. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சரியாகத்தான் சொல்கிறேன்.

சீடரின் பெயர் தவசிமுத்து. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் வாத்தியார். அவர் பற்றவைத்த இரும்பை யானை கட்டி இழுத்தாலும் பிரிக்க முடியாது என்று பேச்சு. அவருடைய கோபமும் அதே ரகம். ஒரு பையனைப் பிடித்தால் லேசில் விடாது.

குருவின் பெயர் ஷிஃபானா. மேலப்பாளையத்துப் பெண். புதுக் கருவிகளை வைத்து எப்படிப் பாடம் எடுப்பது என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலுக்கு இரண்டாவது வார்த்தை செலவழிக்க மாட்டார்.

அந்த வருடம் நிலையத்துக்கு ஒரு சிமுலேட்டர் வந்து இறங்கியது. தலையில் மாட்டுகிற முகமூடிக்குள் சின்னத் திரை. கையில் பிடிக்க, உருகும் கம்பிக்குப் பதில் பொய் ராடு. மேசை மேல் இரும்புத் தகட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பிளேட். தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் முகமூடிக்குள் பார்த்தால் நிஜமாகவே இரும்பு உருகும். முடித்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்று இயந்திரமே மார்க் போட்டுவிடும்.

தவசிமுத்துவுக்கு அது போட்ட மார்க் முப்பத்தாறு.

அவர் முகமூடியைக் கழற்றினார். "மெஷின்ல ஏதோ கோளாறு டீச்சர்."

"இல்ல சார்."

கோளாறு இல்லைதான். தவசிமுத்து காதால் வெல்டிங் செய்கிறவர். ராடு உருகும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கை நகரும். இந்த இயந்திரத்தின் சத்தமோ தகர டப்பாவுக்குள் அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது. கை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழித்தது.

இது போதாதென்று பிரின்ஸ்பால் கூப்பிட்டு அனுப்பினார்.

"புது மெஷினைப் பாக்க வெள்ளிக்கிழமை மேலிடத்துக் கமிட்டிக்காரங்க வாராங்க. நீங்க இந்த மெஷின்ல கிளாஸ் எடுத்துக் காட்டணும். முடியலன்னா சொல்லிருங்க, வேற ஆள் போட்டுக்கிடுதோம். நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்கிடுங்க."

ஸ்டோர் ரூம் என்றால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் வாங்கி வைக்கிற வேலை. சம்பளம் குறையாது, வேர்வையும் வராது. வேறொருவர் என்றால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார். தவசிமுத்து அப்படியில்லை. எதிரே பிள்ளைகள் நிற்காவிட்டால் அவருக்குத் தன்னையே அடையாளம் தெரியாது.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். ஷிஃபானா பக்கத்தில் நின்றார். கை சாயும்போது "சாயுது சார்" என்பார். வேகம் கூடும்போது "மெதுவா" என்பார். மார்க் நாற்பதைத் தொட்டது. மறுநாள் கீழே இறங்கியது. பிறகு தொட்டும் தொடாமலும் அங்கேயே நின்றுகொண்டது.

வியாழக்கிழமை தவசிமுத்து பொய் ராடை மேசையில் போட்டார்.

"எனக்கே வராததை நான் எப்படி டீச்சர் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்?"

ஷிஃபானா ராடை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"அது போகட்டும். இந்த மார்க் வெளிய தெரியாம மறைக்க வழி இருக்கா?"

"இருக்கு சார். இந்தப் பட்டனை அமுக்கினா மார்க் வராது."

தவசிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று வீட்டில் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷிஃபானா ஸ்டூல் மேல் ஏறி, சுவரில் இருந்த பெரிய திரைக்கு இயந்திரத்திலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என்ன பண்ணுதீங்க?"

"வயர் மாட்டுதேன்."

"என் மார்க் எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா!"

"தெரியும் சார்."

"மறைக்க வழி இருக்குன்னீங்களே?"

"இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னு சொன்னேன்."

அவர் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பிரின்ஸ்பால் கமிட்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். அந்த வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். தவசிமுத்துவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

பொய்த் தீக்கு நிஜமான தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் பற்றவைக்க ஆரம்பித்தார். பெரிய திரையில் இரும்பு உருகியது. ஓரத்தில், கை சரியாகப் போகிறதென்று காட்டும் பச்சைக் கோடு கொஞ்ச தூரம் ஓடிச் சிவப்பானது. முடித்ததும் பழக்கதோஷம், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுத்தியலை எடுத்தார். நிஜ வெல்டிங் என்றால் மேலே படியும் கசடைத் தட்டிவிட வேண்டுமே! பிளாஸ்டிக் பிளேட்டை டொக்கென்று ஒரு தட்டு தட்டினார்.

யாரோ சிரித்துவிட்டார்கள்.

தவசிமுத்து திரும்பினார். வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் தலைக்குப் பின்னால், சுவர் அகலத்துக்கு நாற்பத்து மூன்று என்று எழுத்து ஒளிர்ந்தது. அதைப் பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்தது. காது சூடாகியது. ஸ்டோர் ரூம் கதவின் பூட்டு கண்முன் வந்து நின்றது.

இரண்டாவது வரிசையில் இசக்கிராஜா எழுந்தான். வருடம் முழுக்க வாயில் பசை தடவியவன் போல உட்கார்ந்திருந்த பையன்.

"சார், நடுவுல கோடு செவப்பாப் போயிட்டு. கை சாயுது சார்."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான்.

தவசிமுத்து அவன் பக்கம் திரும்பினார். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பையன் சொன்னது உண்மை.

"எங்கல?"

இசக்கிராஜா வந்து திரையில் விரலை வைத்துக் காட்டினான்.

"நீ போடு, பாப்போம்."

போட்டான். இருபத்தொன்பது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இசக்கிராஜாவும் சிரித்தான். தானும் சேர்ந்து சிரிப்பது தவசிமுத்துவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"ஏம்ல கொறைஞ்சுது? சொல்லுங்கலே."

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வேகம் என்றான் ஒருவன், தூரம் என்றான் இன்னொருவன். கடைசி வரிசைக்காரன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து வந்தான். கமிட்டிக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தது, யாரும் நகரவில்லை.

பிற்பகல் ஒர்க்‌ஷாப்பில் நிஜ வெல்டிங். இசக்கிராஜா கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கி நின்றான். பிறகு வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து துருப்பிடித்த பிளேட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். அதில் வெல்டிங் கோழி கிளறியது போலக் கிடந்தது.

"போன மாசம் போட்டது சார். ராடு ஒட்டிக்கிட்டே இருந்துது. ஏன்னு தெரியல."

"இத ஏன் அங்கன கொண்டு போட்ட?"

பையன் பிளேட்டின் துருவை விரலால் தேய்த்தான்.

அவனைப் பார்த்து இன்னொருவன் தொட்டிப் பக்கம் போனான். பிறகு ஒரு கூட்டமே போனது. கோணல், ஓட்டை, குமிழ் என்று மேசை மேல் பிளேட்டுகள் குவிந்தன. சில பிளேட்டுகளில் பாசியே ஏறியிருந்தது. அவை இந்த வருடத்துப் பிள்ளைகள் போட்டவை அல்ல.

என் வகுப்பில் கெட்ட பிளேட் கிடையாது என்று தவசிமுத்து பிரின்ஸ்பாலிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் மேசைக்கு வந்ததெல்லாம் நல்ல பிளேட். மற்றதெல்லாம் தொட்டிக்குப் பின்னால் போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கரண்டு கம்மிலே. அதான் ராடு ஒட்டுது. இது கரண்டு கூடுதல், ஓட்டை விழுந்துட்டு. இந்தக் குமிழ் யாரு? ராடு நமத்துப் போயிருந்துச்சா?"

"ஆமா சார். மழைல நனைஞ்சுட்டு."

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேம்லா."

"பயமா இருந்துச்சு சார்."

"இப்ப?"

குமிழ்க்காரப் பையன் யோசித்தான். "இப்ப அவ்வளவு இல்ல சார்."

சாயங்காலம் பிரின்ஸ்பால் வந்தார். "கமிட்டிக்காரங்களுக்கு ரொம்பத் திருப்தி. நீங்களே எடுங்க தவசிமுத்து. வேற ஆள் வேண்டாம்னுட்டாங்க."

தவசிமுத்து வெளியே வந்து டீயை ஊதிக்கூடக் குடிக்கவில்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பல நாள் தோளில் உட்கார்ந்திருந்த சுமையை யாரோ இறக்கி வைத்தது போல் நிம்மதி.

திரும்பி வகுப்புக்குள் போனார். ஷிஃபானா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தவசிமுத்து முகமூடியை மாட்டி, மிக நிதானமாக ஒரு தடவை பற்றவைத்தார். நாற்பத்து நான்கு.

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. இந்த மெஷின்ல நான் நூறு எப்ப வாங்குவேன்?"

ஷிஃபானா வயரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அவசரப்படாதீங்க சார். பிள்ளைங்க இன்னும் சந்தேகம் கேட்டு முடிக்கல."