சில்லைக்குருவி போட்ட ஆர்டர்

குளக்கரைக் காட்டுக்குச் செல்போன் வந்த புதிது. பறவைகளெல்லாம் இரையை மறந்து அதையே கொத்திக்கொண்டிருந்தன.

அங்கே ஒரு சில்லைக்குருவி. முட்டையிட அதற்கு இன்னும் இரண்டே நாள். ஈச்சமரத்தில் இருந்த அதன் பழைய கூட்டிலோ மேலே ஓட்டை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாவம், அதற்கு ஒரு தானியம்கூட இறங்கவில்லை.

அப்போதுதான் போனில் தூக்கணாங்குருவியின் கடை கண்ணில் பட்டது. பாதிக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுவது அதன் வழக்கம். ஆள் முடிவான பிறகுதான் மீதியைக் கட்டும். படத்தில் அந்தப் பாதிக் கூடே அத்தனை அழகு! சில்லை அவசரமாக அலகால் அழுத்தியது.

உடனே பதில் வந்தது: "உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது. நன்றி."

"அப்பாடா, கூடு கிடைச்சாச்சு" என்றது சில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது. அதை யார் படித்தார்கள்?

பக்கத்து மரத்து அணிலும் வயிற்றில் குட்டிகளோடு, தன் பொந்து போதாமல் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது.

"அணிலக்கா, என் கூட்டை நீங்க எடுத்துக்கோங்க."

"சரிம்மா, எடுத்துக்கறேன். ஓட்டையை நார் வச்சு அடைச்சுக்கலாம்" என்ற அணில் அன்றே குடிவந்துவிட்டது.

மறுநாள் சில்லை நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தது. ஒரு செய்தியும் இல்லை. முட்டையிடும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. தாங்க முடியாமல் தூக்கணாங்குருவியிடமே பறந்தது.

"அண்ணே, என் கூடு?"

"எந்தக் கூடு? படத்தைப் பார்த்து ஒன்பது பேர் கேட்டாங்க. இருக்கறது ஒண்ணு. முதல்ல கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"நன்றின்னு பதில் போட்டீங்களே!"

"நீ கேட்டது வந்து சேர்ந்ததுன்னு போட்டேன். தர்றேன்னு எங்கேம்மா போட்டேன்? இருந்தா சொல்றேன்னு கீழேயே எழுதியிருந்தேனே."

சில்லைக்கு அழுகை முட்டியது. நேரே அணிலிடம் போய்க் கெஞ்சியது. "அக்கா, என் கூட்டைத் திருப்பிக் கொடுத்திடுங்க."

அணிலுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொன்னது: "எடுத்துக்கோன்னு நீ சொன்னே, சரின்னு நான் சொன்னேன். அதை நம்பி என் பொந்தை மைனாவுக்கு விட்டுட்டேன். இந்த வயித்தோட இனி நான் எங்கே போவேன்?"

சில்லை வேறு இடம் தேடிப் பறந்தது. தூறல் விழுந்தபோது, ஒரு முள்மரக் கிளைப்பிளவில் முட்டையிட்டுச் சிறகை விரித்து மூடியது. காற்று ஓங்கி அடித்தது. முட்டை உருண்டு விழுந்தது.

நாம் கேட்டுவிட்டதால் மட்டும் பேரம் முடிந்துவிடாது; எதிராளி "தருகிறேன்" என்று சொல்லும்வரை கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது.