காளான் பர்கரும் மயிலின் குரலும்

அருவிக்கரையில் ஒரு கரடி பர்கர் கடை வைத்திருந்தது. பன்னைச் சுடுகல்லில் வாட்டும். மலைத்தேனில் வதக்கிய வெங்காயத்தை உள்ளே பரப்பும். மிளகு தூவிய கட்லெட்டை வைத்து மூடி, உச்சியில் ஒரு குச்சியைச் செருகிக் கொடுக்கும். எவ்வளவு பெரிய வாயாக இருந்தாலும் ஓரத்தில் சாறு வழியும். நீள நாக்குக்காரர்களுக்கு அது கூடுதல் லாபம்!

அந்தக் கடையில் டோக்கன் கிடையாது. கரிச்சான் குருவிதான் டோக்கன். யாருடைய பர்கர் தயாரோ, அவருடைய குரலிலேயே அது கூப்பிடும். யானைக்குப் பிளிறும். தவளைக்குக் கத்தும். பன்றிக்கு உறுமும். எந்தக் குரல் கேட்கிறதோ, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் கடையின் சட்டம்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள் மட்டும் அங்கே காளான் பர்கர் கிடைக்கும். அப்படி ஒரு நாளில்தான் மயில் வந்து சேர்ந்தது.

"நான் வந்துட்டேன்! தோகை இன்னும் வந்துக்கிட்டே இருக்கு, யாரும் மிதிச்சிடாதீங்க!" என்று கூட்டத்தை விலக்கியது. "கரடியக்கா, ஒரு காளான் பர்கர்! போன மழைக்கு வந்தப்ப தீர்ந்துபோச்சுன்னு அனுப்பிட்டீங்க. அன்னையிலிருந்து கனவுல கூடக் காளான்தான் வருது!"

"உன் அதிர்ஷ்டம், கடைசிக் காளான் உனக்குத்தான்" என்றது கரடி. "குரல் கேட்டதும் ஓடி வந்துடு. ஆறிப்போனா அது பர்கர் இல்ல, செங்கல்!"

மயில் அருவித் தண்ணீரில் தன் கழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தது. எவ்வளவு அழகான நீலம்! இந்தக் கழுத்திலிருந்து வரும் குரல் எப்படி இருக்கும்? புல்லாங்குழல் மாதிரிதான் இருக்கும். அதில் மயிலுக்குச் சந்தேகமே இல்லை.

கிளையில் இருந்த கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கியாஆஆவ்! கியாஆஆவ்!"

மயில் துள்ளி எழுந்தது. "ஐயய்யோ! யார் வாலை யார் மிதிச்சது?"

யாரும் எழுந்து போகவில்லை. கரிச்சான் மறுபடியும் கூப்பிட்டது. "கியாஆஆவ்!"

"பாவம், எவனுக்கோ இப்படி ஒரு குரல்!" என்று சிரித்தது மயில். "காதைப் பொத்திக்கலாம்னா எனக்குக் கையும் இல்லையே!"

பக்கத்தில் இருந்த காட்டுப்பன்றி மெதுவாகச் சொன்னது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அது உங்க குரல் மாதிரி..."

"என் குரலா? இந்தக் கழுத்தைப் பாரு! இதுக்குள்ளேருந்து அந்தச் சத்தம் வருமா?"

மயில் விறுவிறுவென்று கிளைக்கு அடியில் போய் நின்றது. "ஏய் கரிச்சான்! நக்கலா? காட்டிலேயே இனிமையான குரல் எதுவோ, அதுதான் என் குரல். அதுல கூப்பிடு!"

கரிச்சானின் கண் மின்னியது. "இருக்கிறதிலேயே இனிமையான குரல்ல. அவ்வளவுதானே? அப்புறம் பேச்சு மாறமாட்டீங்களே?"

"மயில் பேச்சு மாறாது!"

"குக்கூ... குக்கூ..."

மயில் கண்ணை மூடிக்கொண்டது. ஆகா! என்ன குழைவு! என்ன இழைவு! "கேட்டீங்களா எல்லாரும்? இதான் நான்!" என்று தலையை ஆட்டி ரசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தது.

கரடியின் முன்னால் ஒரு குயில் உட்கார்ந்திருந்தது.

"கூப்பிட்டீங்களா அக்கா? நான் ஆர்டரே கொடுக்கலையே!" என்றது குயில். "சரி, கூப்பிட்டப்புறம் வேண்டாம்னா உங்க மனசு கஷ்டப்படும்."

அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் குடும்பம் அல்லவா? அடுத்தவர் பர்கரில் அலகு வைக்க அதற்குக் கூச்சமே இல்லை.

"அது என் பர்கர்!" என்று பாய்ந்தது மயில்.

கரடி கரண்டியைக் குறுக்கே நீட்டியது. "குயில் குரல், குயில் பர்கர். சட்டம் சட்டம்தான்!"

மயிலுக்கு வயிறும் எரிந்தது, மனசும் எரிந்தது. வாயைத் திறந்து அலறியது. "கியாஆஆவ்! கியாஆஆவ்!"

எதிர்ப்பாறையில் மோதி அந்தக் குரல் திரும்பி வந்தது. "கியாஆஆவ்!"

கடை முழுக்கச் சிரிப்பு. மயில் மட்டும் சிரிக்கவில்லை. பாறையிலிருந்து வந்த குரலும் கிளையிலிருந்து வந்த குரலும் ஒன்றுதான். அதன் தோகை தானாக மடங்கியது. தலை தொங்கியது.

"எதுக்குய்யா தலையைத் தொங்கப்போடுற?" என்று அதட்டியது கரடி. "கோடை முழுக்க இந்தக் காடு யார் குரலுக்குக் காத்திருக்கு? குயில் கூவினா யாராவது வானத்தைப் பார்க்கிறாங்களா? நீ அகவினா எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறோம், மழை வருதுன்னு! உன் குரல் கேட்டாத்தான் நான் காளான் கூடையையே கையில எடுக்கிறேன்!"

மயில் மெல்லத் தலையைத் தூக்கியது. மேற்கு மலையில் மேகம் கறுத்திருந்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு தோகையை விரித்து, கழுத்தை நிமிர்த்தி, மலையே அதிரும்படி அகவியது.

"கியாஆஆஆவ்!"

கரிச்சான் அதே மாதிரி கத்திப் பார்த்தது. பாதியில் மூச்சு முட்டி இருமியது. "இது மட்டும் எனக்கு முழுசா வரமாட்டேங்குது!" என்று ஒப்புக்கொண்டது.

வானம் இடித்தது. விடிந்ததும் காடெங்கும் காளான்.

அன்று கரிச்சான் முதலில் கூப்பிட்டது, "கியாஆஆவ்!" என்றுதான்.

கடைக்குப் புதிதாக வந்த முயல் ஒன்று நடுங்கிப்போய், "யாருங்க இப்படிக் கத்துறது?" என்று கேட்டது.

"நான்தான்! என் குரல்தான்!" என்றது மயில், கழுத்தை ஒரு முழம் உயர்த்தி. "நகரு தம்பி, என் பர்கர் ஆறிடும்!"

தனக்கு இருப்பதைத் தன்னுடையது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத் தெரியாதவன், தனக்கு வந்ததை அடுத்தவன் தின்பதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.