வற்றிய ஏரியில் ஓடம்

அன்று குன்றின்மேல் இருந்தவர்கள் நால்வர். அறம் உரைக்கும் சமணப் பெண்துறவி சிறுபொழில் குரத்தியார். அவரிடம் நெடுங்காலம் பாடம் கேட்ட எயினன். அவன் மாமனாரும் ஏரி வாரியத்து உறுப்பினருமான காரி. ஏரிநீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் நிலம் வைத்திருந்த கொற்றி. அவள் பாறையோரமாக ஒரு மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கொற்றியை எயினன் அறிவான். அவள் எதற்கு வந்தாள் என்பதுதான் பிடிபடவில்லை. வந்தது முதல் அவள் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்.

அவன் வந்த காரியம் பெரிது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, கைக்கு வந்த பெயருக்குரியவரை வாரியத்தில் அமர்த்தும் ஊர் அது. இவ்வாண்டுதான் முதன்முறையாக எயினன் பெயரும் குடத்துக்குப் போவதாக இருந்தது. அதற்குள் மாமனாரின் குட்டு உடைந்தது. ஆனி மாதம் ஏரியைப் பார்வையிட ஓடம் அமர்த்தியதாகச் சொல்லி, ஊர்ப்பொதுவிலிருந்து நான்கு கலம் நெல் கூலியாகப் பெற்றிருந்தார் காரி. அந்த ஆனியில் ஏரியின் நடுவே ஆடு மேய்ந்தது.

பொதுநெல்லைப் பொய்சொல்லி வாங்கியவன் பெயர் பிறகு எக்காலத்தும் குடத்துக்குப் போகாது. அவன் மக்கள் மருமக்கள் பெயர்களும் போகா. ஊர் வகுத்த விதி அது. மறுநாள் ஊரவை கூடித் தீர்ப்புச் சொல்ல இருந்தது. குரத்தியார் சொன்னால் அவை தட்டாது.

“அம்மையே, நான்கு கலம் நெல்லுக்காக ஒரு குடும்பத்தையே விலக்குவது முறையா?” என்றான் எயினன்.

“கேட்பது மாணாக்கனா, மருமகனா?”

“மாணாக்கன்தான்.”

“அப்படியானால் மருமகன் சற்று நேரம் வெளியே நிற்கட்டும்.”

காரி உரக்கச் சிரித்தார். குரத்தியார் சிரிக்கவில்லை. இவர் முன்பே முடிவுசெய்துவிட்டாரோ என்று எயினனுக்கு ஐயம் எழுந்தது. யாரோ முந்திக்கொண்டு வந்து ஓதியிருக்க வேண்டும்.

“நான் ஒருவனா வாங்கினேன்?” என்றார் காரி. “தோட்ட வாரியத்தார் ஆண்டுதோறும் யானை விரட்டக் கூலி வாங்குகிறார்கள். இந்தப் பக்கம் யானையைக் கண்டவர் யார்? காவலர்கள் முழுநிலவு நாளிலும் பந்தத்துக்கு எண்ணெய் கேட்கிறார்கள். தேனெடுத்தவன் புறங்கையை நக்கத்தானே செய்வான்?”

“தேன் தொடாத நோன்பினளிடம் வந்து தேன்கதை சொல்கிறீர். அவர்களுக்கும் ஒரு நாள் வரும். இன்று உமது நாள்.”

“ஏரியை நான் பார்க்காமல் இல்லையே! கரை முழுதும் நடந்தே பார்த்தேன். ஓடத்தின் கூலியை என் கால்கள் வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான். வேண்டுமானால் இரட்டிப்பாக அளந்துவிடுகிறேன். இதற்கே இப்படி வாட்டினால் நாளை எவன் ஊர்ப்பணிக்கு வருவான்?”

“கூலி கேளாமல் நடக்கத் தெரிந்தவன் வருவான்.”

எயினன் குரலைத் தாழ்த்தினான்.

“மாமா செய்தது பிழை. நான் மறுக்கவில்லை, அம்மையே. ஆனால் அந்த நெல்லில் ஒரு மணிகூட என் வீட்டு உலைக்கு வரவில்லை. என் பெயர் என்ன செய்தது?”

குரத்தியார் பாறைப் பக்கம் திரும்பினார். “நீ எதற்கு வந்தாய், கொற்றி?”

எயினன் முந்திக்கொண்டான். “உன்னை அனுப்பியது யார்? தோட்ட வாரியத்தாரா?”

“என்னை அனுப்ப ஆள் எதற்கு? ஊரைவிட்டுப் போகிறேன். அம்மையிடம் சொல்லிக்கொள்ள வந்தேன்.”

“போவானேன்?” என்றார் காரி.

“நிலம் போயிற்று, ஐயா. பயிர் கருகிவிட்டது, வரியை நீக்குங்கள் என்று அரசனுடைய வரி அதிகாரியிடம் போய் நின்றோம். அவர் ஊர்க்கணக்கை வாங்கிப் பார்த்தார். ‘ஆனியில் ஏரியில் ஓடம் ஓடியதென்று உங்கள் ஊரே கூலி அளந்திருக்கிறது. ஓடம் ஓடும் ஏரிக்குக் கீழே பயிர் கருகுமா?’ என்று கேட்டார். கடைமடைக்காரர் எல்லோருக்கும் அதே விடைதான். மற்றவர்கள் நகையை விற்றுக் கட்டினார்கள். என்னிடம் இருந்தது நிலம் ஒன்றுதான். ஏலம் போட்டார்கள்.”

காரி தம் கால்களைப் பார்த்துக்கொண்டார். “இப்படிப் போய் முடியும் என்று யார் கண்டது?” என்றார்.

“நிலத்தை வாங்கியவர் யார்?” என்றார் குரத்தியார்.

காரி மருமகனைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றான் எயினன். “எல்லோர் முன்னிலையிலும், முறைப்படி வாங்கினேன்.”

“என்ன விலைக்கு?”

அவன் தயங்கினான். “போட்டிக்கு ஆளில்லை. மற்றவர் கையில் காசில்லை.”

எயினன் கைகூப்பினான்.

“அம்மையே, அந்த ஓடப் பொய்யால்தான் நிலம் ஏலத்துக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் வாங்கியவனையும் தண்டிப்பது முறையா?”

“என்னைக் கேட்காதே. இழந்தவள் உன் எதிரில் இருக்கிறாள். அவளைக் கேள்.”

எயினன் திரும்பினான்.

கொற்றி மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். அவன் கேட்பதற்குள் குன்றைவிட்டு இறங்கினாள்.